மிலிட்டரி இடுப்பில் கட்டிய சாவி

போன மாதம் எங்கள் பழைய ஃபோர்மேன் ஆரோக்கியசாமிக்குச் செஞ்சியில் இரங்கல் கூட்டம் போட்டார்கள். தொண்ணூறைத் தாண்டி வாழ்ந்து, படுக்கையில் விழாமல், யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் போய்ச் சேர்ந்த மனிதர். மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த ஃப்ளெக்ஸில் முறுக்கு மீசையும் கையில் துப்பாக்கியுமாக நின்றார். அவருக்கு ஆயுசுக்கும் மீசை கிடையாது. துப்பாக்கி, ஃப்ளெக்ஸ் அடித்த கடைக்காரரின் கைங்கரியம். பட்டாளத்தில் அவர் தோளில் சுமந்தது டெலிபோன் கம்பிச் சுருள். கம்பிச் சுருளோடு நிற்கிற ஆளுக்கு யார் ஃப்ளெக்ஸ் அடிப்பார்கள்?

முதலில் பேசியவர், பர்மாக் காட்டில் அவர் எதிரிகளைச் சுட்டுத் தள்ளியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரிப் பேசினார். அடுத்தவர் அந்தப் பிணங்களை இரண்டு மடங்காக்கினார். மூன்றாவதாக மைக்கைப் பிடித்தவர் கடலை மண்டி முதலாளியின் மகன். அப்பா போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷமாகிறது. மகனுக்கு இப்போது சொந்தமாகக் கல்யாண மண்டபம் இருக்கிறது.

"மிலிட்டரி ஐயாவோட சம்சாரம் பிரசவ வலியில உயிருக்குப் போராடிக்கினு இருந்தப்ப, எங்க அப்பா சொந்தக் காரையே குடுத்து அனுப்பினாரு. அந்தக் காலத்து மனுசங்க நட்புன்னா அப்பிடி" என்றார்.

கூட்டம் கைதட்டியது. எனக்கு வாயிலிருந்த டீ தொண்டைக்குப் போகாமல் மூக்குக்குப் போய்விட்டது.

கூட்டம் முடிந்ததும் கரண்ட் ஆபீஸ் சங்கத்துப் பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "சார், அவரோட வேலை பாத்தவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் மிச்சம். சங்க மலருக்கு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. கொஞ்சம் பாசிட்டிவா இருக்கட்டும்" என்றார்கள். மிச்சம் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறதுகள்! சரி, கேட்டுவிட்டார்கள், எழுதுகிறேன். பாசிட்டிவாக இருக்குமா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

நான் முருகேசன்; அறுபதுகளின் தொடக்கத்தில் கரண்ட் ஆபீசில் சேர்ந்தவன். முதலில் குழி தோண்டினேன். பிறகு கம்பம் தூக்கினேன். பிறகு கம்பத்தில் ஏறினேன். இதுதான் என் பயிற்சிக் காலம்; இதற்கு மேல் சொன்னால் பொய். அப்போது சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்கெல்லாம் புதுசாகக் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. அவலூர்பேட்டை, அனந்தபுரம் என்று எங்கே பார்த்தாலும் பம்புசெட்டுக்கு மனுப் போட்டுவிட்டு எங்களைச் சாமி மாதிரி வரவேற்றார்கள். கரண்ட் வந்த மறுவாரம் அதே வாயால் திட்டினார்கள்.

எங்களுக்கு ஃபோர்மேனாக வந்தவர்தான் ஆரோக்கியசாமி. வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். பட்டாளத்துக்குப் போய் வந்தவர் என்பதால் ஊரே மிலிட்டரி என்றுதான் கூப்பிட்டது. அவர் வருகிறார் என்றதும் நாங்கள் நடுங்கிப்போய் நின்றோம். தொப்பியும் பூட்சும் அதட்டலுமாக ஒரு ஆளை எதிர்பார்த்தோம். வந்தவர் சைக்கிள் ஹாண்டில்பாரில் ஒரு முழம் மல்லிகைப்பூவைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். சட்டையில் தேங்காயெண்ணெய் வாசனை. விசாரித்தால், காலையில் மகள்கள் எல்லாருக்கும் தலை வாரி ரிப்பன் கட்டிவிட்டுத்தான் டியூட்டிக்குக் கிளம்புவாராம். சின்ன வெங்காயம் உரித்துக் கொடுப்பாராம். மீன் ஆய்ந்து கொடுப்பாராம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது பெண்சாதி பிலோமினாம்மா முன்னால் நடக்க, அவர் பின்னால் குடை பிடித்துக்கொண்டு போவார். கடைவீதியே கடையை விட்டு வெளியே வந்து வேடிக்கை பார்த்தது.

"இந்தாளா பர்மாவுல சண்டை போட்டான்? பொண்டாட்டிதாசன்!" என்றான் கண்ணன். கண்ணன் என்னோடு கம்பம் ஏறுகிற லைன்மேன். அவன் வாய்க்குப் பூட்டே கிடையாது.

பட்டாளத்துக் கதை கேட்டால் அது இன்னும் அநியாயம். ஒருநாள் மதியம் புளியமரத்தடியில் சாப்பிடும்போது கண்ணன் கேட்டான்: "ஃபோர்மேனு, ஜப்பான்காரன நேர்ல பாத்துக்கிறீங்களா?"

"பாத்தேன்."

"சுட்டீங்களா?"

"செத்துக் கெடந்தான்டா. பாக்கெட்ல அவன் பொண்டாட்டி போட்டோ இருந்துச்சு. அந்தம்மா மூக்கு எங்க பிலோமினா மூக்கு மாரியே இருந்துச்சு." சொல்லிவிட்டு ரசத்தை உறிஞ்சினார். அவ்வளவுதான் உலக யுத்தம். எந்தக் கதையை ஆரம்பித்தாலும் பிலோமினாம்மா வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுவார்.

மணி ஐந்தானால் அவரை யாராலும் பிடித்து வைக்க முடியாது. இன்ஜினியர் பேசிக்கொண்டிருக்கும்போதே சைக்கிளை எடுத்துவிடுவார். "பிலோமினாக்குத் தல நோவுதுன்னா சார்" என்று ஒரு வரி. அதற்கு மேல் விளக்கம் கிடையாது. அந்த அம்மா ஏழாவது முறை முழுகாமல் இருந்தபோது நாங்கள் சொன்ன கிண்டலையெல்லாம் சங்க மலரில் எழுத முடியாது. மிலிட்டரிக்குச் சண்டை இன்னும் முடியவில்லை என்பது அதில் ரொம்ப மரியாதையானது. எல்லாம் அவர் காதில் விழும். "நாலு புள்ள பொறந்தா ஒனக்கும் தெரியும்" என்று சிரிப்பார்.

ஆனால் கம்பத்தடிக்கு வந்துவிட்டால் இதே மனிதர் எங்கள் பிராணனை வாங்கிவிடுவார். ரோட்டோரக் கம்பத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புக் கைப்பிடி இருக்கும். அதுதான் சுவிட்ச். கீழே இழுத்தால் அந்தப் பக்கத்து லைனில் கரண்ட் நின்றுவிடும். மேலே தள்ளினால் வந்துவிடும். வேலைக்கு முன் அதை இழுத்துவிட்டு, "ஏறலாம், லைனில் கரண்ட் இல்லை" என்று பொறுப்பானவர் சொல்வதற்கு லைன் கிளியர் என்று பேர். மற்ற ஃபோர்மேன்கள் கைப்பிடியை இழுத்துவிட்டுப் பீடி பற்றவைப்பார்கள். மிலிட்டரி அதில் ஒரு பூட்டைப் போடுவார். சாவியை வேட்டிக்குள் இருக்கும் அரைஞாண் கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொள்வார். சாவி அங்கிருந்து அவிழ வேண்டுமானால் மேலே ஏறினவன் அத்தனை பேரும் அவர் கண் முன்னால் வந்து நிற்க வேண்டும். "எல்லாரும் எறங்கிட்டாங்க" என்று ஒருத்தன் வந்து சொன்னால் போதாது. "ஆளக் காட்டு" என்பார்.

அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. ஏறுவதற்கு முன் ஒவ்வொருத்தனும் தன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பேரோடு சொல்ல வேண்டும்.

"கண்ணா, ஊட்ல யாரு?"

"அவதான் இருக்குறா."

"அவதான்னு ஒரு பேரா? பேரச் சொல்லு. இல்லன்னா ஏறாத."

நாலு ஆம்பளைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு பெண்டாட்டி பேரைச் சொல்வதற்கு அந்தக் காலத்தில் எங்களுக்கு உடம்பெல்லாம் கூசும். கண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு "அஞ்சலை" என்பான். ரோட்டில் போகிறவர்கள் சிரிப்பார்கள். நான் "வள்ளியம்மா, கைக்கொழந்தை தனம், நைனா, நைனாவுக்குக் கண்ணு தெரியாது" என்று ரேஷன் கடைக்காரனிடம் ஒப்பிப்பதுபோல ஒப்பிப்பேன். எதற்கு இந்தக் கூத்து என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"பர்மாவுல கம்பி அறுந்துபோச்சுன்னு ஒருத்தன அனுப்புனாங்க. திரும்பி வரல. அவனுக்குப் பொண்டாட்டி இருந்தாளா, புள்ள இருந்துச்சா, ஒரு பயலுக்கும் தெரியல. அனுப்புன ஆபீசருக்கும் தெரியல. தெரிஞ்சிருந்தா அனுப்பியிருப்பானா?" என்றார். பட்டாளத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே உருப்படியான தகவல் இது. இதை ஃப்ளெக்ஸில் போட முடியாது.

இப்போது அந்தக் கார் கதைக்கு வருகிறேன்.

ஐப்பசி மாதம். காற்றும் மழையும் இரண்டு நாள் ஆடித் தீர்த்ததில் அவலூர்பேட்டை ரோட்டுப் பக்கம் ஏரிக்குள் நின்ற கம்பங்கள் சாய்ந்துவிட்டன. கடலை மண்டி முதலாளி அதே ரோட்டில் புதுசாக எண்ணெய் மில் கட்டியிருந்தார். திறப்பு விழா அன்றைக்குத்தான். மேலிடத்திலிருந்து பெரிய மனிதர் ஒருவர் வந்து பட்டனை அமுக்கி மெஷினை ஓட்டி வைப்பதாக ஏற்பாடு. மில்லுக்குப் போகிற கம்பி நன்றாகத்தான் இருந்தது. நானும் கண்ணனும் தொங்கிக்கொண்டிருந்தது அதற்கு அப்பால், ஏரித் தண்ணீருக்குள். இரண்டுக்கும் ஒரே சுவிட்ச். சுவிட்சைத் தள்ளினால் அங்கே மெஷின் ஓடும். இங்கே நாங்கள் கருகிப்போவோம். இதில் புரியாதது ஒன்றுமில்லை. மண்டி முதலாளிக்கும் புரிந்துதான் இருந்தது.

நான் கம்பத்தின் மேல் இருந்ததால் ரோட்டில் நடந்தது எனக்குத் தெரியாது. மிலிட்டரியோடு நின்ற ஹெல்பர் சின்னப்பனும் முதலாளியின் கார் டிரைவரும் பிற்பாடு சொன்னதைத்தான் எழுதுகிறேன். இரண்டு பேரும் தனித்தனியாகச் சொன்னது ஒன்றாகவே இருந்தது.

முதலில் புது இன்ஜினியர் வந்திருக்கிறார். "ஃபோர்மேன், ஒரு அஞ்சு நிமிஷம் லைனைக் குடுத்துட்டு நிறுத்திடலாமே. பட்டன் அமுக்கி மெஷின் சுத்தினா போதும். அவங்க இந்நேரம் எறங்கியிருப்பாங்க."

"இருப்பாங்களா, எறங்கிட்டாங்களா சார்?"

"அதெல்லாம் எறங்கியிருப்பாங்கய்யா."

"அப்ப ஆளக் காட்டுங்க."

அடுத்து முதலாளியே காரில் வந்து இறங்கினார். ஜரிகை வேட்டி, நெற்றியில் சந்தனம். முதலில் தம்பி என்றார், பிறகு ஃபோர்மேன் என்றார், பிறகு டேய் என்றார். மிலிட்டரி மூன்றுக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரத்தில்தான் அவருடைய மச்சான் சைக்கிளை மிதித்துக்கொண்டு தலைதெறிக்க வந்தான். "மாமா, அக்காவுக்கு வலி எடுத்துருச்சு. கொழந்த குறுக்க இருக்குதாம். ஆஸ்பத்திரிக்கித் தூக்கிக்கினு போனாத்தான் ஆச்சுன்னு மருத்துவச்சி சொல்லிட்டா. ஒன்னத்தான் கேக்குது மாமா. ஒடனே வா."

மிலிட்டரிக்கு முகம் செத்துப்போய்விட்டதாம். பெண்சாதிக்குத் தலைவலி என்றால் ஓடுகிற ஆள். பக்கத்திலேயே கார் நிற்கிறது. செஞ்சி முழுக்கத் தேடினால் நாலைந்து கார் தேறாத காலம் அது. முதலாளி என்ன பேசினார் என்று டிரைவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பாத்தியா, கடவுளாப் பாத்து எங்காரக் கொண்டாந்து நிறுத்திக்கிறான். சாவிய இன்ஜினியர்கிட்ட குடு. கார எடுத்துக்கினு போ. ஒம் பொண்டாட்டியும் பொழைப்பா, எங்காரியமும் ஆவும்."

"மொதலாளி, அவள ஆஸ்பத்திரிக்கி அனுப்புங்க. காலத்துக்கும் மறக்க மாட்டேன். சாவி மட்டும் கேக்காதீங்க."

"சாவி வந்தாத்தான் கார் போவும்."

சாவியோடு அவர் போய்விடலாமே என்று நீங்கள் கேட்கலாம். மில்லிலிருந்து வந்த ஆட்கள் கடப்பாரையோடு நின்றார்கள். அந்தச் சின்னப் பூட்டு கடப்பாரைக்கு எத்தனை நேரம் தாங்கும்? அது அவருக்கும் தெரியும். அவர் சின்னப்பனை ஏரிக்குள் ஓடி எங்களை இறக்கிக் கூட்டிவரச் சொன்னார். மச்சானைப் பார்த்து, "மாட்டு வண்டி கட்டி அவள ஏத்திக்கினு ஆஸ்பத்திரிக்கிப் போ. நான் பின்னாடியே வர்றேன்னு சொல்லு" என்றார். பிறகு கம்பம் ஏறுகிற கயிற்றை எடுத்து, தன் உடம்பையும் கைப்பிடியையும் கம்பத்தையும் சேர்த்துச் சுற்றிக் கட்டிக்கொண்டார். அழுதுகொண்டே கட்டினாராம். ஆம்பளை அப்படி வாய்விட்டு அழுது தான் பார்த்ததில்லை என்றார் டிரைவர்.

"எங்க வள்ளியம்மாக்குக் கைக்கொழந்த இருக்குது மொதலாளி. முருகேசன் நைனாக்குக் கண்ணு தெரியாது. கண்ணன் பொண்டாட்டி பேரு அஞ்சலை. அவளுக்கு இன்னும் புள்ளயே பொறக்கல" என்று அழுகைக்கு நடுவே எங்கள் குடும்பத்தையெல்லாம் ஒப்பித்திருக்கிறார். முதலாளிக்கு அஞ்சலை யாரென்று என்ன தெரியும்? அவர் காருக்குள் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். எப்படியும் மனசு மாறிவிடுவான் என்று நினைத்திருக்கிறார். டிரைவர் மட்டும், "மொதலாளி, நான் போயி ஒரு நடை அந்தம்மாவ ஏத்திக்கினு வந்துடறேனே" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். கார் ஒரு சாண் தூரம்கூட நகரவில்லை. முகூர்த்த நேரம் நெருங்கியதும் இன்ஜினியரையும் ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போய்விட்டார்கள். கடப்பாரை ஆட்கள் அங்கேயே நின்றார்கள்.

திறப்பு விழா எப்படி நடந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். பெரிய மனிதர் மாலையோடு வந்து பட்டனை அமுக்கினார். சுவருக்குப் பின்னால் கூலியாட்கள் வரிசையாக நின்று பெல்ட்டைக் கையால் இழுத்தார்கள். மெஷின் சுற்றியது. எல்லாரும் கைதட்டினார்கள். பெரிய மனிதர் கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனார். இவ்வளவுதான் விஷயம். கரண்டே வேண்டியிருக்கவில்லை. இதைக் காலையிலேயே யோசித்திருக்கக் கூடாதா, பாவிகளா!

சின்னப்பன் கழுத்தளவுத் தண்ணீரில் வந்து கூப்பாடு போட்டதும் நாங்கள் போட்டது போட்டபடி இறங்கினோம். கரையெல்லாம் உடைப்பு, சுற்றிக்கொண்டுதான் ஓடி வர வேண்டும். நான் முதலில் வந்து சேர்ந்தேன். அவர் கம்பத்தோடு கட்டுண்டு நின்றார்.

"எறங்கிட்டோம் ஃபோர்மேனு, ரெண்டு பேரும் எறங்கிட்டோம். நீங்க போங்க" என்று கயிற்றில் கை வைத்தேன்.

"கண்ணன் எங்க?"

"பின்னாடி வர்றான். கால்ல முள்ளு ஏறிருச்சு."

"ஆளக் காட்டு."

"வந்துக்கினே இருக்கான், நான் சொல்றேன்ல! ஊட்டுக்குப் போங்க!"

"ஆளக் காட்டுடா!"

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அங்கேயே அறைந்திருப்பேன். பெண்டாட்டி சாகக் கிடக்கிறாள், இந்த மனுஷன் ஆளைக் காட்டு என்கிறான்! கண்ணன் நொண்டிக்கொண்டு கரைமேல் தெரிகிற வரைக்கும் அவர் கயிற்றை அவிழ்க்க விடவில்லை. தெரிந்த பிறகு என்னை அவிழ்க்கச் சொன்னார். அவர் கை மரத்துப்போயிருந்தது. சைக்கிளை நான்தான் நிமிர்த்திக் கொடுத்தேன்.

மாட்டு வண்டி பாதி வழியில் சேற்றில் இறங்கி நின்றிருந்தது. அவர் போய்த் தோள் கொடுத்துத் தூக்கிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனார். பிலோமினாம்மா பிழைத்துவிட்டார். குழந்தை பிழைக்கவில்லை. ஆண் குழந்தை. ஆறும் பெண்ணாகப் பிறந்த வீட்டில் அது ஒன்றுதான் ஆண். கார் போயிருந்தால் குழந்தையும் பிழைத்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அடக்கம் முடிந்து அவர் வேலைக்கு வந்தார். அதே சைக்கிள், அதே மல்லிகைப்பூ. கைப்பிடியில் பூட்டைப் போட்டார். "ஊட்ல யாரு?" என்று கேட்டார். கண்ணன் நிமிர்ந்து நின்று, ரோடு அதிர "அஞ்சலை!" என்று கத்தினான். ரோட்டில் போன ஒருத்தன் சிரிக்க, கண்ணன் அவனை அடிக்கப் போய்விட்டான். மிலிட்டரி அதற்குப் பிறகு ரிட்டையரானார், மகள்களைக் கட்டிக்கொடுத்தார், பேரன் பேத்திகளுக்குத் தலை வாரினார், கடைசிக் காலத்தில் படுத்துவிட்ட பிலோமினாம்மாவுக்கு வாயில் கஞ்சி ஊட்டினார். அந்த அம்மா போன பிறகும் பல வருஷம் இருந்தார். ஒருநாளும் அந்தக் காரைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் மண்டி முதலாளி மகன் துணிச்சலாக வாயைத் திறக்கிறார்.

ஆனால் பிலோமினாம்மா என்னிடம் வாயைத் திறந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, வள்ளியம்மாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனேன். எந்த முகத்தோடு போவது என்று வாசலிலேயே தயங்கினேன். வள்ளியம்மாதான் தள்ளிவிட்டாள். அந்த அம்மா கயிற்றுக் கட்டிலில் எலும்பாகக் கிடந்தார். கண்கள் மட்டும் எரிந்தன.

"நீதான் மேல இருந்தவனா?"

"ஆமாம்மா."

நன்றாகத் திட்டட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் வள்ளியம்மாவின் கையிலிருந்த என் மகளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"எனக்கு ஒம்மேல ஆத்திரம் ஆத்திரமா வருதுடா. வராதுன்னு சொன்னா பொய்யி. அந்தாளு மேலயும் வருது. எம்புள்ள மொகத்த ஒருக்கா பாத்தேன், மறுக்கா பாக்கறதுக்குள்ள மூடி எடுத்துக்கினு போயிட்டாங்க." மூச்சு வாங்கிக்கொண்டார். "நீ குடிக்காத. சண்டைக்கிப் போவாத. ஒழுங்கா சாப்புடு. கெழவனாகி, தல நரைச்சு, பல்லு விழுந்து அப்புறமா சாவு. பாதியில செத்தீன்னா வுட மாட்டேன்."

இப்போது எனக்குச் சர்க்கரை இருக்கிறது, முழங்கால் தேய்ந்துவிட்டது, பல் ஒன்றும் மிச்சமில்லை. வேளாவேளைக்கு மாத்திரை போடுகிறேன். காலையில் ஏரிக்கரை வரைக்கும் நடந்துவிட்டு வருகிறேன். தாத்தாவுக்கு உசுரு மேல ரொம்ப ஆசை என்று பேரப்பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். அது என் உயிர் மட்டும் இல்லை என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது?